புது போனோடு வந்த வேண்டாத ஆப்களை எப்படிப் பாதுகாப்பாக நீக்குவது? (அம்மாவின் போன்)

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்கு போன மாதம் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள். பிராண்ட் பெயர் வேண்டாம், இந்த விலையில் எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான் என்று கடைக்காரரே சொன்னார். ஆன் செய்தபோதே நாங்கள் போடாத ஆப்கள் ஒரு கூட்டமாக உள்ளே இருந்தன. ஷாப்பிங் ஆப்கள், கேம்கள், பெயரே கேள்விப்படாத ஒரு பிரவுசர், பிளே ஸ்டோர் போதாதென்று இன்னொரு ஆப் ஸ்டோர், கடன் தருகிறேன் என்று சொல்லும் ஒன்று.

அம்மா தேனியில் தனியாக இருக்கிறார். அவருக்கு வேண்டியது வாட்ஸ்அப், யூடியூப், பேங்க் ஆப், ஜிபே, அப்புறம் ஒரு காலண்டர், அவ்வளவுதான். லாக் ஸ்கிரீனில் ஏதாவது சினிமா செய்தி வந்து நிற்கும், அதை நகர்த்தப் போய்த் தொட்டுவிடுவார், பிரவுசர் திறக்கும், கொஞ்ச நேரத்தில் 'உங்கள் போனில் வைரஸ்' என்று ஒன்று வரும், பயந்துபோய் எனக்கு போன் செய்வார். இதுகூடப் பரவாயில்லை. அந்தக் கடன் ஆப்பில் இருந்து '2 லட்சம் தயார்' என்று நோட்டிஃபிகேஷன் வந்த அன்று, பேங்கில் இருந்துதான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நம்பி ஆதார் நம்பர் கேட்கும் இடம் வரை போய்விட்டார். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

சிலதை அழுத்திப் பிடித்தால் அன்இன்ஸ்டால் வருகிறது, சிலதில் டிஸேபிள் மட்டும் வருகிறது, சிலதில் இரண்டுமே மங்கிப் போய் அழுத்த முடியாமல் இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் கம்ப்யூட்டரில் இணைத்து நூறு ஆப்பை ஒரே கட்டளையில் தூக்கலாம் என்கிறார்கள், கீழே கமெண்டில் போனே ஆன் ஆகவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எதை நீக்கலாம், எதைத் தொடவே கூடாது? வாரண்டி போகுமா? பேங்க் ஆப் வேலை செய்யுமா? அப்டேட் வந்தால் எல்லாம் திரும்ப வந்துவிடுமா? விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. வார இறுதியில் ஊருக்குப் போகிறேன், அப்போதுதான் போன் கையில் கிடைக்கும்.

பச்சைரோபோ:

முதலில் அந்தக் கடன் ஆப். நீக்குவதற்கு முன்னால் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப்பின் பெயர், பர்மிஷன்ஸ் என்று போய் கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், கேலரி எதையாவது அம்மா அனுமதித்திருக்கிறாரா பாருங்கள். இல்லை என்றால் நல்லது, நீக்கிவிடலாம். அனுமதித்திருந்தால் ஆப்பை நீக்கினாலும் ஏற்கனவே எடுத்துக்கொண்ட கான்டாக்ட்ஸ் திரும்பி வராது, அதனால் யாராவது பணம் கேட்டு மிரட்டினால் உடனே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், சைபர் மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது என்பதையும் அவர் போனில் சேமித்து வையுங்கள். கூடவே வரும் கடன் ஆப் சின்ன விஷயம் இல்லை. 2025 ஜனவரியில் தாய்லாந்தில் ஒப்போ, ரியல்மி போன்களில் இப்படி ஒரு கடன் ஆப் முன்பே ஏற்றப்பட்டு வந்தது பெரிய விவகாரமாகி, அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் நிறுவனங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது.

இப்போது உங்கள் கேள்வி. அன்இன்ஸ்டால் வருகிற ஆப்கள் எல்லாம் நீங்கள் பிளே ஸ்டோரில் இருந்து போடும் ஆப் மாதிரிதான், போனின் சாதாரண ஸ்டோரேஜில் இருக்கின்றன. அவற்றை யோசிக்காமல் நீக்கலாம், இடமும் திரும்பக் கிடைக்கும். டிஸேபிள் மட்டும் வருபவை சிஸ்டம் பகுதியில் இருக்கின்றன. அந்தப் பகுதி வாடகை வீட்டில் ஓனர் பூட்டி வைத்திருக்கும் அறை மாதிரி, அங்கே இருக்கும் பொருளை நாம் வெளியே தூக்கிப் போட முடியாது, அந்த இடமும் நமக்கு வராது. ஆனால் டிஸேபிள் செய்தால் ஆப் ஓடாது, மெனுவில் தெரியாது, நோட்டிஃபிகேஷன் அனுப்பாது, பின்னணியில் நெட்டும் பேட்டரியும் தின்னாது. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அதுதானே? டிஸேபிள் செய்யும்போது 'அப்டேட்களை நீக்கி ஃபேக்டரி வெர்ஷனுக்கு மாற்றவா' என்று கேட்டால் சரி என்று கொடுங்கள், அப்டேட்டாக இறங்கியிருந்த அளவு இடமாவது மிஞ்சும்.

வரிசை முக்கியம். நிறையப் பேர் கேம்களையும் ஷாப்பிங் ஆப்களையும் முதலில் நீக்குவார்கள், ஒரு வாரத்தில் வேறு பெயரில் நாலு வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கொண்டுவந்து இறக்குகிற ஆள் உள்ளேயே இருக்கிறது, அதை முதலில் நிறுத்த வேண்டும். சியோமி, ரெட்மி என்றால் 'கெட்ஆப்ஸ்'. ரியல்மி, ஒப்போ என்றால் 'ஆப் மார்க்கெட்', 'ஹாட் ஆப்ஸ்', 'ஹாட் கேம்ஸ்'. சாம்சங்கின் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் 'ஆப்கிளவுட்'. ஆப் பட்டியலில் மேலே மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ சிஸ்டம் ஆப்ஸ்' போட்டால்தான் இவற்றில் சில கண்ணில் படும். ஃபேஸ்புக் முன்பே இருந்தால் அதை நீக்கிய பிறகும் மெட்டா ஆப் மேனேஜர், மெட்டா ஆப் இன்ஸ்டாலர், மெட்டா சர்வீசஸ் என்று மூன்று தனியாக உள்ளே இருக்கும். அவற்றையும் டிஸேபிள் செய்யலாம், வாட்ஸ்அப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

லாக் ஸ்கிரீன் செய்திகளை நிறுத்த ஆப்பை நீக்கத் தேவையில்லை, அது ஒரு செட்டிங். சியோமியில் 'வால்பேப்பர் கரோசல்', ரியல்மி, ஒப்போவில் 'லாக் ஸ்கிரீன் மேகசின்', சாம்சங்கில் லாக் ஸ்கிரீனுக்குள் 'வால்பேப்பர் சர்வீசஸ்'. 'கிளான்ஸ்' என்ற பெயரிலும் இருக்கலாம். செட்டிங்ஸ் தேடலில் இந்தப் பெயர்களைப் போட்டுப் பார்த்து ஆஃப் செய்யுங்கள். சியோமி என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும்: பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டிக்குள் 'ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன்' என்று இருக்கும், அதில் 'எம்எஸ்ஏ' என்பதை ஆஃப் செய்தால் சிஸ்டம் ஆப்களுக்குள் வரும் விளம்பரம் பெரும்பாலும் நின்றுவிடும். அழுத்தியதும் சில நொடி காக்க வைக்கும், நெட் ஆனில் இருக்க வேண்டும், சில சமயம் முதல் தடவை 'முடியவில்லை' என்று சொல்லும், விடாமல் மறுபடி செய்யுங்கள்.

'போனில் வைரஸ்' என்று வருவது பெரும்பாலும் எந்த ஆப்பும் இல்லை. ஏதோ ஒரு வெப்சைட் 'அலோ' கேட்டபோது அழுத்தியிருப்பார், அதன் நோட்டிஃபிகேஷன் பிரவுசர் வழியாக வருகிறது. க்ரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் 'அலோட்' பட்டியலில் இருக்கும் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மேலே உள்ள ஸ்விட்சையும் ஆஃப் செய்யுங்கள். அந்தப் பெயர் தெரியாத பிரவுசரிலும் இதே வேலையைச் செய்துவிட்டு, க்ரோமை டீஃபால்ட் ஆக்கிவிட்டு, அப்புறம் அதை டிஸேபிள் செய்யுங்கள்.

நெல்லை சர்வீஸ் சென்டர்:

நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பச்சைரோபோ சொன்னது எல்லாம் சரி. நான் எதைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோ பார்த்து கண்மூடித்தனமாக நீக்கிவிட்டு வருகிற போன்கள்தான் எங்கள் மேஜையில் நிற்கின்றன.

பெயரைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்பதை யாருமே திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் வேண்டாதது என்று நினைப்பார்கள். ஆனால் ஆப்புக்குள் வெப் பக்கத்தைக் காட்டுகிற வேலையே அதுதான், பேங்க் ஆப், ஷாப்பிங், ரயில் டிக்கெட் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. 2021 மார்ச்சில் அதற்கு ஒரு கோளாறான அப்டேட் வந்தபோது உலகம் முழுக்க ஜிமெயில் உட்பட எத்தனையோ ஆப்கள் திறந்த உடனே மூடிக்கொண்டன. பெயரில் 'ப்ரொவைடர்' அல்லது 'ஸ்டோரேஜ்' என்று வருபவை, அதாவது கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ், மீடியா ஸ்டோரேஜ், டவுன்லோட் மேனேஜர், போன் அண்ட் மெசேஜிங் ஸ்டோரேஜ், இவற்றையும் தொடக்கூடாது. டவுன்லோட் மேனேஜர் போனால் எதுவுமே ஒழுங்காக இறங்காது, மீடியா ஸ்டோரேஜ் போனால் கேலரி காலியாகத் தெரியும். 'ஃபைல்ஸ்' என்ற பெயரில் சில போன்களில் இரண்டு இருக்கும். ஒன்று கூகுளின் ஆப், இன்னொன்று ஃபைலைத் தேர்வு செய்யும் திரை. இரண்டாவதை எடுத்துவிட்டால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் அனுப்பப் போகும்போது எதுவும் திறக்காது.

கீபோர்டு. இதை அழுத்திச் சொல்கிறேன். போனோடு வந்த கீபோர்டை எடுத்துவிட்டு வெளியில் இருந்து ஒரு தமிழ் கீபோர்டு மட்டும் போட்டு வைப்பார்கள். நன்றாகத்தான் வேலை செய்யும், போனை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யும் வரை. ஆன் ஆனதும் பாஸ்வேர்டு கேட்கும், அந்த நேரத்தில் ஸ்டோரேஜ் இன்னும் பூட்டித்தான் இருக்கும், வெளியில் இருந்து போட்ட கீபோர்டுகள் பல அந்தக் கட்டத்தில் எழும்பாது, எழுத்தே அடிக்க முடியாது. கூகுள் கீபோர்டோ போன் கம்பெனி கீபோர்டோ ஒன்று கட்டாயம் இருக்கட்டும். லாஞ்சரும் அப்படித்தான், இருக்கிற ஒன்றை எடுத்தால் ஹோம் ஸ்கிரீனே இருக்காது.

'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' அல்லது 'செல் பிராட்காஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அதையும் வேண்டாதது என்று சிலர் தூக்குகிறார்கள். 2023ல் மாநிலம் மாநிலமாக, எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனை இதன் வழியாக வந்ததுதான். புயல், வெள்ளம் என்றால் எச்சரிக்கை வருகிற வழி அது. தனியாக இருக்கும் அம்மாவின் போனில் அது கட்டாயம் வேண்டும்.

சியோமி, ரெட்மியில் 'செக்யூரிட்டி' ஆப்பையும் 'ஃபைண்ட் டிவைஸ்' ஆப்பையும் கம்ப்யூட்டர் வழியாக நீக்கினால் போன் லோகோவிலேயே நின்று நின்று ரீஸ்டார்ட் ஆகும். செக்யூரிட்டி ஆப் விளம்பரம் காட்டுகிறது என்றால் அதற்குள் செட்டிங்ஸில் 'ரெகமெண்டேஷன்ஸ்' என்பதை ஆஃப் செய்தால் போதும்.

இன்னொன்று. போன் இஎம்ஐயில் வாங்கியதா? அப்படியென்றால் தவணை முடியும் வரை கடன் கொடுத்தவர்களின் லாக் ஆப் ஒன்று உள்ளே இருக்கும், அதில் கை வைக்காதீர்கள், போன் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளலாம். 'டிவைஸ் லாக் கன்ட்ரோலர்' என்ற பெயர் மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம், புதிய ஆண்ட்ராய்டில் அது முழுத் தொகையும் கொடுத்து வாங்கிய போனிலும் இருக்கும், சும்மா கிடக்கும், விட்டுவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் வாட்ஸ்அப் பேக்கப், போட்டோ பேக்கப் எடுங்கள். அதோடு அம்மாவின் கூகுள் கணக்குப் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோசமான நிலையில் ரெக்கவரி மோடு வழியாக ரீசெட் செய்ய வேண்டி வந்தால், சிஸ்டம் ஆப் எல்லாம் திரும்ப வந்து போன் பிழைத்துவிடும், ஆனால் ஆன் ஆனதும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அது தெரியாவிட்டால் உள்ளே போக முடியாது. எங்களிடம் வருகிற பெரியவர்களில் அந்தக் கணக்கு யார் உருவாக்கிக் கொடுத்தது என்றே தெரியாதவர்கள் நிறைய, பெரும்பாலும் போன் வாங்கிய கடைப் பையன் உருவாக்கியிருப்பான்.

வைகைக்கரை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கூகுள் கணக்கு விஷயம் யோசித்தே பார்க்கவில்லை, இப்போதே அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்கிறேன். போன் முழுப் பணம் கொடுத்து வாங்கியது, இஎம்ஐ இல்லை. கடன் ஆப்புக்கு எந்தப் பர்மிஷனும் கொடுக்கவில்லை என்பதை வீடியோ காலில் பார்த்துவிட்டேன், அதில் அன்இன்ஸ்டால் வருகிறது, அம்மாவையே நீக்க வைத்துவிட்டேன்.

மீதி சிக்கல், அந்த இரண்டாவது ஆப் ஸ்டோரும் பிரவுசரும். இரண்டிலும் டிஸேபிள் மங்கித்தான் இருக்கிறது. இதற்கு லேப்டாப் வழிதான் ஒரே வழியா? இன்னொன்று, அடிக்கடி திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து கிரிக்கெட் ஸ்கோர் வேண்டுமா, ஜோசியம் வேண்டுமா, ஓகே அழுத்து என்கிறது. எந்த ஆப் என்றே தெரியவில்லை. அம்மா ஓகே அழுத்தினால் பேலன்ஸ் குறைகிறது.

டெர்மினல் தம்பி:

அண்ணா, அந்தப் பெட்டி போனில் இருந்து வரவில்லை, சிம்மில் இருந்து வருகிறது. ஆப் பட்டியலில் 'சிம் டூல்கிட்' என்றோ சிம் கம்பெனியின் பெயரிலோ ஒன்று இருக்கும், திறந்து உள்ளே போனால் இந்தச் செய்திகளை நிறுத்த 'ஸ்டாப்' அல்லது 'டிஆக்டிவேட்' வரும். ஏற்கனவே ஓகே அழுத்தி ஏதாவது சேவை ஓடிக்கொண்டிருந்தால் கஸ்டமர் கேரில் சொல்லி அதையும் நிறுத்துங்கள்.

டிஸேபிள் மங்கியிருக்கும் இரண்டுக்கும் ஏடிபிதான் வழி, அதாவது கம்ப்யூட்டரில் இருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி. பயப்பட வேண்டியதில்லை, ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும் அவ்வளவுதான். போன் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டுங்கள், சியோமியில் ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டீபக்கிங் ஆன். சாம்சங் என்றால் அதற்கு முன் 'ஆட்டோ பிளாக்கர்' ஆஃப் செய்ய வேண்டும், அது யுஎஸ்பி வழியாக வரும் கட்டளைகளைத் தடுக்கும், வேலை முடிந்ததும் மறக்காமல் மறுபடி ஆன் செய்துவிடுங்கள். லேப்டாப்பில் கூகுளின் ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் இருந்து மட்டும் 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' இறக்குங்கள், ஏடிபி அதற்குள்தான் இருக்கிறது, வேறு எங்கிருந்தும் வேண்டாம். ஜிப்பை விரித்து, அந்த ஃபோல்டரின் அட்ரஸ் பாரில் 'சிஎம்டி' என்று தட்டி என்டர் அடித்தால் கறுப்புத் திரை அங்கேயே திறக்கும். பவர்ஷெல் திறந்துகொண்டால் ஏடிபி என்று நேரடியாக அடித்தால் தெரியாது என்று சொல்லும், அதனால் சிஎம்டியே நல்லது.

கேபிளைச் சொருகி 'ஏடிபி டிவைசஸ்' என்று அடியுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமாக இருக்கும், மாற்றிப் பாருங்கள். 'அன்ஆதரைஸ்டு' என்று வந்தால் போன் திரையைப் பாருங்கள், அனுமதி கேட்டுக் காத்திருக்கும்.

இப்போது பேக்கேஜ் பெயர், அதாவது சிஸ்டம் அந்த ஆப்பை அடையாளம் காணும் உள்பெயர் வேண்டும். 'ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ்' என்று அடித்து, பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு பிரவுசர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் அந்தச் சொல் வரும் பேக்கேஜ்கள் மட்டும் வரும். கிடைத்த பெயரைக் கூகுளில் போட்டு அது என்ன என்று உறுதி செய்யாமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

முதலில் டிஸேபிள் முயற்சி செய்யுங்கள்: ஏடிபி ஷெல் பிஎம், அடுத்து டிஸேபிள் ஹைஃபன் யூசர், அடுத்து இரண்டு ஹைஃபன் ஒட்டி யூசர், இடைவெளி, 0, இடைவெளி, பேக்கேஜ் பெயர். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து. வெப்சைட்டில் இருந்து காப்பி செய்தால் இரண்டு ஹைஃபனும் சேர்ந்து ஒரே நீளக் கோடாக மாறிவிடும், கட்டளை ஓடாது, ஏன் ஓடவில்லை என்று கண்ணுக்கும் தெரியாது, அதனால் கையாலேயே அடியுங்கள். சில கம்பெனிகள் இதற்கும் தடை போட்டிருக்கும், பாதுகாக்கப்பட்ட பேக்கேஜ் என்று பதில் வரும். அப்போது டிஸேபிள் ஹைஃபன் யூசர் இருந்த இடத்தில் அன்இன்ஸ்டால் என்று போடுங்கள், மற்றதெல்லாம் அதேதான். 'சக்சஸ்' வந்தால் முடிந்தது.

அந்த 'யூசர் 0' என்பதுதான் முக்கியம். போனில் முதல் பயனருக்கு மட்டும் ஆப்பை எடுக்கிறோம், சிஸ்டம் பகுதியில் அசல் ஃபைல் அப்படியே இருக்கும். அதனால்தான் திரும்பக் கொண்டுவரவும் முடியும்: ஏடிபி ஷெல் சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால் ஹைஃபன் எக்ஸிஸ்டிங், அப்புறம் பேக்கேஜ் பெயர். நீக்குவதற்கு முன்பே இந்தக் கட்டளையை ஒரு நோட்பேடில் அந்தப் பேக்கேஜ் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறைய வீடியோக்களில் அன்இன்ஸ்டாலுக்குப் பக்கத்தில் ஹைஃபன் கே சேர்க்கச் சொல்வார்கள், அது ஆப்பின் டேட்டாவை போனிலேயே விட்டு வைக்கும். உங்களுக்கு அது தேவையில்லை.

வாரண்டி கேட்டீர்கள். இதில் சிஸ்டத்தை எங்கேயும் மாற்றவில்லை, போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கவில்லை, ஃபேக்டரி ரீசெட் செய்தால் போன் வாங்கிய நாள் மாதிரி ஆகிவிடும். பேங்க் ஆப் பற்றி: சில பேங்க் ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தாலே திறக்க மறுக்கும். முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கையும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் ஆஃப் செய்யுங்கள், நீக்கியது நீக்கியபடியே இருக்கும்.

ஒன்றை நீக்கியதும் போனை ரீஸ்டார்ட் செய்து கால், மெசேஜ், கேமரா, ஜிபே நாலையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அம்மா போனில் இரண்டு, மூன்றுக்கு மேல் ஏடிபி வேலையே இருக்காது.

மலைக்கோட்டை:

எதற்கு இவ்வளவு சுற்று? பூட்லோடரைத் திறந்து ரூட் செய்தால், அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டால், நிரந்தரமாகவே தூக்கிவிடலாமே. இல்லையென்றால் கம்பெனி சிஸ்டத்துக்குப் பதிலாக சுத்தமான கஸ்டம் ராம் போட்டுவிடலாம். நான் என் பழைய போனில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு விளம்பரம் கிடையாது.

நெல்லை சர்வீஸ் சென்டர்:

உங்கள் சொந்த போனுக்கு அது சரி, தெரிந்து செய்கிறீர்கள். இவர் கேட்பது பேங்க் ஆப்பும் ஜிபேயும் ஓட வேண்டிய அம்மாவின் போன். பூட்லோடரைத் திறக்கும்போதே போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், திறந்த பிறகு போனின் சிஸ்டம் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறாது, பேங்க் ஆப்கள் பல மறுத்துவிடும். அதைத் தாண்ட வழிகள் இருக்கின்றன, ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அது உடையும், தேனிக்கு யார் போய்ச் சரி செய்வது? ஆப்பை நிரந்தரமாக அழித்தாலும் அந்தச் சிஸ்டம் பகுதியின் இடம் போட்டோ வைக்கக் கிடைக்கப் போவதில்லை.

கடலூர் அக்கா:

லேப்டாப் இல்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஆண்ட்ராய்டு 11ல் இருந்தே வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறது. 'ஷிசுகு' என்ற ஆப்பை அதோடு இணைத்துவிட்டு, 'கான்டா' என்ற ஆப்பில் பட்டியலைப் பார்த்து நீக்கலாம், திரும்பவும் கொண்டுவரலாம். வைஃபை மட்டும் வேண்டும். நான் என் மாமியார் போனில் இப்படித்தான் செய்தேன். கான்டாவில் ஒவ்வொரு ஆப்புக்கும் பக்கத்தில் 'ரெகமெண்டட்', 'அட்வான்ஸ்டு', 'எக்ஸ்பர்ட்', 'அன்சேஃப்' என்று குறி இருக்கும், யுனிவர்சல் ஆண்ட்ராய்டு டீப்ளோட்டர் என்ற திறந்த மூலத் திட்டத்தில் பலர் சேர்ந்து தொகுத்த பட்டியல் அது. ரெகமெண்டட் தாண்டிப் போகாதீர்கள். அதிலும் 'ரெகமெண்டட்' என்பது உங்கள் வீட்டு ஆளைத் தெரிந்து போட்டதில்லை. என் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் டாக்பேக்கும் பேச்சு ஆப்பும் அவருக்கு உயிர், அது எனக்குத்தான் தெரியும்.

பிளே ஸ்டோரில் 'ஒரே கிளிக்கில் ப்ளோட்வேர் நீக்கும்', 'பூஸ்டர்', 'கிளீனர்' என்று வருகிற எதையும் போடாதீர்கள். அக்செசிபிலிட்டி அனுமதி கேட்பார்கள், அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதை எல்லாம் படிக்க முடியும், உங்களுக்காக பட்டனையும் அழுத்த முடியும். நாம் விரட்ட வந்ததைவிட மோசமான ஒன்றை நாமே உள்ளே விடுவதற்கு அது சமம்.

சட்டம் படித்தவன்:

ஆப் நீக்குவது எப்படி என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒரு வயதான பெண் ஒழுங்காக போன் பயன்படுத்த மகன் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியிருப்பது ஏன் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். விலை குறைந்த போனில் லாபம் குறைவு, ஒவ்வொரு ஆப்பையும் முன்பே ஏற்றித் தருவதற்கு ஆப் கம்பெனிகள் பணம் கொடுக்கின்றன, அந்த வருமானம் நம் தலையில் விழுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் 2024 மார்ச்சில் இருந்து கூகுள், ஆப்பிள் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆப்களை எளிதாக நீக்க விட வேண்டும், சிஸ்டம் இயங்கத் தேவையானவை மட்டும் விலக்கு. இங்கே 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, முன்பே ஏற்றிய கூகுள் ஆப்களை நீக்கவிடாமல் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் அந்த நீக்குதல் உத்தரவை ரத்து செய்துவிட்டது. நமக்கு நேரடியாகப் பயன்பட்டிருக்கக்கூடிய வரி அது.

குரல் கொடுத்தால் பலன் இல்லாமலும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் சஞ்சார் சாத்தி என்ற அரசு ஆப்பை எல்லாப் புது போனிலும் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. ஒரு ஆப் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. என் பணத்தில் வாங்கிய போனில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு வேண்டும்.

வைகைக்கரை:

ஊரில் இருந்து எழுதுகிறேன். ஆப் ஸ்டோர் டிஸேபிள் கட்டளைக்கே போய்விட்டது, பிரவுசருக்கு மட்டும் அன்இன்ஸ்டால் தேவைப்பட்டது, சக்சஸ் வந்தது. லாக் ஸ்கிரீனில் இப்போது எங்கள் ஊர்க் கோயில் படம் மட்டும்தான். சிம் டூல்கிட்டில் ஸ்டாப் கொடுத்தேன். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆஃப் செய்து, பேங்க் ஆப்பும் ஜிபேயும் திறந்து பார்த்துவிட்டேன், பிரச்சனை இல்லை. கூகுள் கணக்கு, நெல்லை அண்ணன் சொன்ன மாதிரியே கடையில் உருவாக்கியதுதான், பாஸ்வேர்டு மாற்றி, ரெக்கவரி நம்பராக என் நம்பரைப் போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இப்போதே ஒரு பெரிய அப்டேட் வந்து நிற்கிறது. போடலாமா, போட்டால் எல்லாம் திரும்பி வருமா?

டெர்மினல் தம்பி:

போடுங்கள் அண்ணா, செக்யூரிட்டி பேட்ச் முக்கியம், ஆப்புக்குப் பயந்து அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். மாதாந்திர அப்டேட்டில் பெரும்பாலும் எதுவும் திரும்பாது. ஆண்ட்ராய்டு வெர்ஷனே மாறுகிற பெரிய அப்டேட்டில் சிலது திரும்பலாம், புதிதாகவும் சிலது வரலாம். அப்டேட் முடிந்து முதலில் ஆன் ஆகும்போது 'உங்களுக்கான ஆப்கள்' என்று ஒரு பக்கம் காட்டும் போன்கள் உண்டு, எல்லாவற்றிலும் டிக் ஏற்கனவே போட்டிருக்கும், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் அடுத்து அழுத்த வேண்டும். அம்மா தனியாக இருக்கும்போது அந்தப் பக்கம் வந்தால் கடகடவென்று அடுத்து, அடுத்து என்று போய்விடுவார், அதனால் நீங்கள் ஊரில் இருக்கும்போதே போட்டு முடித்துவிடுங்கள். ஆட்டோ அப்டேட் இரவில் தானாக நிறுவும்படி இருந்தால் பெரிய வெர்ஷன் அப்டேட்டுக்கு மட்டும் உங்களுக்கு போன் செய்யச் சொல்லுங்கள். நோட்பேடில் எழுதி வைத்த பேக்கேஜ் பெயர்களை உங்கள் மெயிலுக்கும் ஒரு காப்பி அனுப்பி வையுங்கள்.